பெயர், ஊர், பத்து டாலர்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் 1 கோடியே 60 லட்சம் பேர். அவர்களில் 4 லட்சத்து 5 ஆயிரம் பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. சண்டையில் இறந்தவர்கள் மட்டும் 2 லட்சத்து 91 ஆயிரத்துக்கு மேல். மற்றவர்களை நோயும் விபத்தும் கொண்டுபோயின. இந்த வரிகளைப் படிக்கப் பத்து நொடி ஆகும். படித்து முடித்த பிறகு யாருக்கும் தொண்டை அடைப்பதில்லை. எண் பெருகப் பெருக மனம் அதிலிருந்து விலகிக்கொள்கிறது. நம் எல்லோருக்கும் உள்ள குறைபாடு இது. போரை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

இந்தக் குறைபாட்டோடு மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் எர்னி பைல் என்ற அமெரிக்க நிருபர். தளபதிகளின் வியூகங்களை மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் பதுங்கு குழியில் ஈரத்துணியோடு கிடந்த சாதாரணச் சிப்பாயை எழுதினார். பெயர், ஊர், சில சமயம் தெருவின் பெயர் வரை எழுதினார். அந்த எழுத்துக்கு என்ன செலவானது, அதனால் என்ன வரவு வந்தது, யாருடைய பக்கம் ஒன்றும் எழுதப்படாமல் கிடக்கிறது என்பதைப் பேரேடு போல வரிசையாகப் பதிந்து பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலீடு

பைல் பிறந்தது 1900 ஆகஸ்ட் 3, இந்தியானா மாநிலத்தில் டேனா என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு விவசாயக் குடும்பத்தில். 1919-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டத்துக்கு ஒரு பருவம் மட்டுமே மீதியிருந்தபோது 1923-இல் படிப்பை விட்டு ஒரு பத்திரிகையில் வேலைக்குப் போனார். 1935-இலிருந்து மனைவி ஜெரியுடன் காரில் அமெரிக்கா முழுவதும் சுற்றி, வாரத்துக்கு 6 பத்திகள் எழுதினார். பெரிய மனிதர்களைத் தேடிப் போகவில்லை. வழியில் கண்ட கடைக்காரர், விவசாயி, சுரங்கத் தொழிலாளி ஆகியோரைப் பற்றித்தான் எழுதினார். முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து பேசி, அவர் வாழ்க்கையைச் சில நூறு சொற்களில் சொல்லும் பழக்கம் இந்த ஏழு ஆண்டுப் பயணத்தில் கைவந்தது. போர்முனைக்கு அவர் கொண்டுபோன முதலீடு அதுதான்.

1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் இறங்கியபோது அவருக்கு வயது 42. சுற்றியிருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். ஒல்லியான உடம்பும் வழுக்கை விழுந்த தலையுமாக இருந்த இந்த மனிதர் அவர்களோடு தரையில் படுத்தார், அவர்கள் தின்றதைத் தின்றார், தட்டச்சுப்பொறியைக் கையோடு கொண்டு திரிந்தார். 1943 ஜூலையில் சிசிலி, அந்த ஆண்டு டிசம்பரில் இத்தாலி, 1944 ஜூனில் பிரான்ஸ், 1945-இல் பசிபிக் என்று போர் நகர்ந்த இடமெல்லாம் அவரும் நகர்ந்தார்.

அவர் இறந்தபோது அந்தப் பத்தி சுமார் 400 நாளிதழ்களிலும் 300 வார இதழ்களிலும் வந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி இல்லாத காலம். முனையிலிருந்து சிப்பாய் எழுதும் கடிதங்கள் ராணுவத் தணிக்கையைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம் என்று எழுத அனுமதியில்லை. மகன் எதைச் சாப்பிடுகிறான், எங்கே தூங்குகிறான் என்று தெரியாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதைச் சொன்னவை அந்த 700 பத்திரிகைகள்.

ஏழில் ஒரு பங்கு, பத்தில் ஏழு பங்கு

பைல் விமானிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பீரங்கிப் படையையும் கப்பல்காரர்களையும் கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர் மனம் நின்றது காலாட்படையிடம். அது வெறும் பாசம் அல்ல என்பதற்கு எண்களே சாட்சி.

கடல் கடந்து போன அமெரிக்க ராணுவத்தில் காலாட்படையின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 14. அதாவது ஏழில் ஒன்று. சண்டையில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமான மொத்த இழப்பில் அதே காலாட்படையின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 70. ஆள் எண்ணிக்கையில் ஏழில் ஒரு பங்கு, ரத்தத்தில் பத்தில் ஏழு பங்கு.

இனி அதே ராணுவத்தின் சம்பளப் பட்டியலைப் பார்ப்போம். 1942 ஜூனில் வந்த சட்டத்தால் கடைநிலைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 30 டாலரிலிருந்து 50 டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன கிடைத்தது என்றால்:

விமானத்தில் பறப்பவருக்கு: அடிப்படைச் சம்பளத்தில் பாதி கூடுதல்.
பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்க்கு: மாதம் 50 டாலர் கூடுதல்.
வெளிநாட்டில் பணியாற்றும் சிப்பாய் எவருக்கும், கிடங்கில் கணக்கு எழுதுபவர் உட்பட: 20 சதவீதம் கூடுதல்.
முன்வரிசையில் துப்பாக்கியோடு நிற்கும் காலாள் வீரருக்கு, அந்த ஆபத்துக்காக: ஒன்றும் இல்லை.

விமானியின் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் கவர்ச்சியும் இருந்தது. சேற்றில் கிடப்பவனின் ஆபத்துக்கு அரசாங்கத்தின் கணக்கில் தலைப்பே இல்லை. ஒரு செலவுத் தலைப்பு உருவாக வேண்டுமென்றால் முதலில் அதைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

ஒரு மலை, ஐந்து உடல்கள்

1943 டிசம்பர். ரோமுக்குத் தெற்கே, சான் பியட்ரோ கிராமத்துக்கு மேலே 1,205 மீட்டர் உயரமுள்ள சம்முக்ரோ மலை. டெக்சாஸைச் சேர்ந்த 36-ஆவது டிவிஷன் அங்கே சண்டையிட்டது. வண்டி ஏறாத மலை என்பதால் இரவில் கோவேறு கழுதைகள்தான் உணவையும் குண்டுகளையும் மேலே கொண்டுபோயின. இறங்கும்போது அவை இறந்தவர்களைச் சுமந்து வந்தன.

மலையடிவாரத்தில் இருந்த பைல் அதைப் பார்த்தார். நிலா வெளிச்சம். மரச் சேணத்தின் குறுக்கே கவிழ்த்துக் கட்டப்பட்ட உடல்கள். ஒரு பக்கம் தலை தொங்குகிறது, மறுபக்கம் கால்கள் விறைத்து நிற்கின்றன. இத்தாலியக் கழுதைக்காரர்கள் பிணங்களின் பக்கத்தில் நடக்க அஞ்சியதால் அமெரிக்கச் சிப்பாய்களே அவற்றை ஓட்டி வந்தார்கள். உடல்களை இறக்கிச் சாலையோரக் கல்சுவரின் நிழலில் வரிசையாகக் கிடத்தினார்கள்; மொத்தம் ஐந்து. அதில் ஒன்று கேப்டன் ஹென்றி வாஸ்கோவுடையது. ஊர் டெக்சாஸில் பெல்டன். வயது 25. இறந்த நாள் டிசம்பர் 14. அவருடைய கம்பெனியைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். இன்னொருவர் இறந்தவரிடமே மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினார். கடைசியாக வந்தவர் தரையில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் முகத்தையே பார்த்தார். பிறகு கையை வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, காயத்தைச் சுற்றிக் கிழிந்திருந்த துணியை ஒழுங்குபடுத்திவிட்டு, எழுந்து தனியே நடந்து போனார்.

பைல் எழுதியது இவ்வளவுதான். போரைப் பற்றிய கருத்து ஒன்றும் இல்லை. வீரம், தியாகம் என்ற சொற்கள் இல்லை. 1944 ஜனவரி 10-இல் அது அச்சானது. வாஷிங்டன் டெய்லி நியூஸ் தன் முதல் பக்கம் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. ஒரு நாளிதழின் முதல் பக்கம் என்பது அன்றன்று ஏலத்துக்கு வரும் இடம். அதிபர், தளபதி, வெற்றி, தோல்வி எல்லாம் அதற்குப் போட்டியிடும். அந்த ஒரு நாள் அந்த இடம் முழுவதும் 25 வயது மனிதர் ஒருவரின் உடலுக்கும், அதன் அருகே வந்து நின்றவர்களுக்கும் போனது. அந்த ஆண்டே, 1943-இல் எழுதிய பத்திகளுக்காகப் பைலுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

கடற்கரையில் ஒரு பட்டியல்

1944 ஜூன் 6, நார்மண்டி. நேச நாடுகளின் தரப்பில் அந்த ஒரு நாளில் இறந்தவர்களென்று பெயர் சரிபார்க்கப்பட்டவர்கள் 4,414 பேர். அவர்களில் அமெரிக்கர்கள் 2,501. பைல் மறுநாள் காலை ஒமாஹா கடற்கரையில் இறங்கினார். உடல்களை எண்ணும் வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, மணலில் சிதறிக் கிடந்த பொருள்களைப் பட்டியலிட்டார்.

சாக்ஸ், பாலிஷ் டப்பா, தையல் பை, டைரி, பைபிள், கையெறி குண்டு. பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, வீட்டார் படங்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்கள். பகைவர் கையில் சிக்கினால் தெரியக்கூடாது என்று முகவரி மட்டும் கச்சிதமாக வெட்டி எடுக்கப்பட்டவை. கப்பலேறும் முன் ஒவ்வொருவருக்கும் சிகரெட் பெட்டிகள் தரப்பட்டிருந்தன; அவை ஆயிரக்கணக்கில் நனைந்து கிடந்தன. எழுதப்படாத கடிதத் தாள்கள். யாரோ ஒருவர் சண்டைக்குக் கொண்டு வந்திருந்த டென்னிஸ் மட்டை, ஒரு நரம்பும் அறாமல்.

இதைப் புள்ளிவிவரம் என்றே சொல்வேன். 2,501 என்பது இறந்தவர்களின் தொகை. எழுதப்படாத தாள்களின் குவியல் அந்தத் தொகை எதால் ஆனது என்பதற்கான விரிவாக்கம். ஒவ்வொரு தாளும் ஒரு கடிதமாகியிருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வீடு இருந்தது. தொகையை மட்டும் எழுதுவது அதிகாரியின் வேலை. தொகையை மறுபடி மனிதர்களாகப் பிரித்துக் காட்டுவது நிருபரின் வேலை.

வரவு: மாதம் 10 டாலர்

1944 தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து எழுதிய ஒரு பத்தியில் பைல் ஒரு யோசனையை வைத்தார். பறப்பவனுக்குப் பறக்கும் படி இருப்பதுபோல, சண்டையில் நிற்பவனுக்குச் சண்டைப் படி கொடுங்கள் என்பதே அது. பணத்தால் ஆபத்தை ஈடுகட்டிவிட முடியாது; ஆனால் தங்கள் துன்பத்தை நாடு கணக்கில் வைத்திருக்கிறது என்று அந்த மனிதர்களுக்குத் தெரியட்டும் என்பது அவர் வாதம்.

நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டது. வாஷிங்டனில் அதற்கு வழங்கிய பெயரே எர்னி பைல் மசோதா. 1944 ஜூன் 30-இல் சட்டம் வந்தது. சண்டை கண்ட காலாள் வீரருக்கான பேட்ஜ் பெற்ற சிப்பாய்க்கு மாதம் 10 டாலர். பயிற்சியில் தேர்ந்தவருக்கான பேட்ஜுக்கு மாதம் 5 டாலர். இதில் பைலின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. அந்தப் பேட்ஜ்கள் 1943 இலையுதிர்காலத்திலேயே உருவாக்கப்பட்டவை. காலாட்படையின் மனத்தெம்பு குறைவதைக் கண்டு தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலும் அக்கறை காட்டிவந்தார். ஆனால் பேட்ஜுடன் பணம் சேர வேண்டும் என்பதைச் சாதாரண வாக்காளரும் ஒப்புக்கொள்ளும் நியாயமாக மாற்றியது அந்தப் பத்திகள்தான். பதுங்கு குழி எப்படியிருக்கும் என்று மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் மசோதாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

10 டாலர் என்பது 50 டாலர் சம்பளத்தில் 20 சதவீதம். இன்றைய மதிப்பில் 175 டாலர் அளவில் வரும். இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆயுதமின்றி அதே குண்டுமழையில் ஓடிக் காயம்பட்டவர்களை இழுத்து வந்த மருத்துவ உதவியாளர்களுக்கு அந்தப் பேட்ஜ் கிடையாது. அவர்களுக்கென்று தனிப் பேட்ஜ் வந்தது 1945 மார்ச்சில்தான்.

பேட்ஜுக்கான பணம் 1949-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் சண்டையில் நிற்பவனுக்குத் தனிப் படி என்ற எண்ணம் நிற்கவில்லை. கொரியப் போரின்போது 1952-இல் அது மாதம் 45 டாலராகத் திரும்பி வந்தது. 1963-இல் 55. வியட்நாம் போர் சூடுபிடித்த 1965-இல் 65. ஈராக் போர் தொடங்கிய 2003-இல் 225. அமெரிக்கச் சிப்பாயின் சம்பளச் சீட்டில் இன்றும் ஆபத்துப் படிக்கு ஒரு வரி உண்டு. நிருபர் ஒருவரின் எழுத்து, அவர் இறந்து 80 ஆண்டுகள் கழித்தும் மாதாமாதம் பட்டுவாடா ஆகும் செலவுத் தலைப்புக்கு முன்னோடியாக இருப்பதற்கு வேறு உதாரணம் சொல்வது கடினம்.

90 ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு

இந்த வகை எழுத்தைத் தொடங்கிவைத்தவர் பைல் அல்லர். 1854-இல் கிரிமியப் போருக்கு லண்டன் டைம்ஸ் அனுப்பிய வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூடாரமும் கம்பளியும் மருந்தும் இல்லாமல் செத்துக்கொண்டிருப்பதை எழுதினார். கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த அதே பத்திரிகையின் நிருபர் தாமஸ் செனரி, ஸ்குட்டாரி மருத்துவமனையின் அவலத்தை எழுதினார். அதன் பின்னால் நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் போதும்.

1854 அக்டோபரில் செய்திகள் வெளியாகின. நவம்பர் 4-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு ஸ்குட்டாரியில் இறங்கினார். 1855 ஜனவரி 29-இல் போரை நடத்திய விதத்தை விசாரிக்கக் கோரும் தீர்மானம் 305-க்கு 148 என்ற கணக்கில் வென்று, பிரதமர் அபர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. புதிய அரசு அனுப்பிய சுகாதாரக் குழு மார்ச்சில் வந்து சாக்கடைகளைச் சுத்தம்செய்து காற்றோட்டத்தைச் சரிப்படுத்தியது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்றிருந்த மருத்துவமனை இறப்பு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆனது.

அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் 16,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தது நோயால். எதிரியின் குண்டைவிட நாற்றமும் பட்டினியும் அதிகம் பேரைக் கொன்றன என்பதை வெற்றி அறிக்கைகள் சொல்லவில்லை. இரண்டு நிருபர்கள் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறி மிகச் சரியாக ஓராண்டு கழித்து, 1856 ஜனவரி 29-இல், பதவி பார்க்காமல் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒன்றுபோல வழங்கும் விக்டோரியா கிராஸ் உருவாக்கப்பட்டது. சாதாரண வீரனின் துணிச்சலுக்கும் பெயர் உண்டு என்று ஒரு சாம்ராஜ்யம் ஒப்புக்கொண்ட நாள் அது.

ஏட்டில் ஏறாதவை

வரவை எழுதும் கை, விடுபட்டதையும் எழுத வேண்டும். 1943 ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 10 ஆகிய இரு நாள்களில், சிசிலியின் ராணுவ மருத்துவமனைகளில், அமெரிக்க ஜெனரல் பேட்டன் போரின் அதிர்ச்சியால் மனம் குலைந்திருந்த இரண்டு சிப்பாய்களைக் கோழைகள் என்று திட்டி அறைந்தார். அங்கிருந்த நிருபர்களுக்கு விஷயம் தெரியும். நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசன்ஹோவரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒருவரும் எழுதவில்லை. நவம்பர் 21-இல் ட்ரூ பியர்சன் என்ற பத்தி எழுத்தாளர், அமெரிக்காவில் இருந்தபடி, வானொலியில் சொன்ன பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் மௌனம். சிப்பாயின் பக்கம் நிற்பதாகச் சொன்ன தொழில், சிப்பாய் அறை வாங்கியபோது போர் முயற்சியின் பக்கம் நின்றது. தணிக்கை ஒரு காரணம். ராணுவத்தின் சோற்றைத் தின்று, அதன் வண்டியில் ஏறி, அதன் தந்தியில் செய்தி அனுப்பும் நிருபரின் சார்புநிலை அதைவிடப் பெரிய காரணம்.

பெண்களின் பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது. சோவியத் படைகளில் சுமார் 10 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். குறிபார்த்துச் சுடுபவராகவும் விமானியாகவும் மருத்துவ உதவியாளராகவும் இருந்தார்கள். அவர்கள் சொந்த வாயால் சொன்னவை ஒரு நூலாக வந்தது 1985-இல், போர் முடிந்து 40 ஆண்டுகள் கழித்து. தொகுத்தவர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச். அவருக்கு 2015-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே சோவியத் படையோடு ஸ்டாலின்கிராடில் இருந்து சாதாரணச் சிப்பாய்களை எழுதிய வாசிலி கிராஸ்மனின் பெருநாவலை 1961-இல் உளவுத்துறை பறித்துச் சென்றது. அவர் இறந்த 1964-க்குப் பிறகு, 1980-இல்தான் அது வெளிநாட்டில் அச்சேறியது. சிப்பாயின் உண்மையை எழுதினால் பரிசும் கிடைக்கும், பறிமுதலும் நடக்கும்.

செலவு

1944 ஜூலை 25. நார்மண்டியில் சான் லோ நகருக்கு அருகே ஜெர்மானியரைத் தாக்க வந்த அமெரிக்க விமானங்கள் சொந்தப் படைமீதே குண்டு போட்டன. இறந்தவர்கள் 111 பேர், காயமடைந்தவர்கள் 490 பேர். இறந்தவர்களில் லெஸ்லி மக்னேர் என்ற மூன்று நட்சத்திர ஜெனரலும் ஒருவர். அந்தக் குண்டுகளுக்கு அடியில் ஒரு வண்டியின் கீழே ஒடுங்கிக் கிடந்தவர்களில் பைலும் ஒருவர். அதற்கு முன்பே இத்தாலியின் ஆன்சியோவில் அவர் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் குண்டு விழுந்து மயிரிழையில் தப்பியிருந்தார். 1944 செப்டம்பரில், இனி ஒரு பிணத்தையும் பார்க்கத் தாங்காது என்ற நிலையில், பிரான்சை விட்டு ஊர் திரும்பினார். வீட்டில் மனைவி மனநோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

போக மனமில்லாமல்தான் 1945 ஜனவரியில் பசிபிக் போனார். ஏப்ரல் 18 காலை, ஒகினாவாவுக்கு அருகே இயே ஷிமா என்ற சிறு தீவில் ஜீப்பில் போகும்போது இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லாரும் பள்ளத்தில் குதித்தார்கள். உடன் வந்தவர்கள் நலமா என்று பார்க்கத் தலையை உயர்த்திய பைலின் நெற்றிப்பொட்டில் குண்டு பாய்ந்தது. வயது 44. அந்தத் தீவுக்காக நடந்த 6 நாள் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 172, காயமடைந்தவர்கள் 902, காணாமல் போனவர்கள் 46. ஜப்பானியத் தரப்பில் இறந்தவர்கள் 4,706. அவர்களில் சுமார் 1,500 பேர் உள்ளூர் மக்கள் என்று மதிப்பிடப்பட்டது. அந்த 1,500 பேரை எழுதப் பைல் போன்ற ஒருவர் அந்தப் பக்கம் இல்லை.

அவர் சட்டைப் பையில், ஐரோப்பியப் போர் முடியும் நாளுக்காக எழுதி வைத்திருந்த ஒரு பத்தியின் வரைவு இருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு எண்களாக வந்து சேரும் இறந்தவர்களை, அருகில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள் என்பதே அதன் சாரம். அந்த நாள் வந்தது அவர் இறந்து 20 நாள் கழித்து. ஜெரி அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். பைலின் உடல் 1949-இல் ஹவாயின் பஞ்ச்பௌல் ராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டது. சாதாரணமாகச் சிப்பாய்களுக்கே உரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் 1983-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அதே மலைப்பகுதி, நம்மூர்க்காரர்

வாஸ்கோ இறந்த சான் பியட்ரோவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி மிஞ்ஞானோ என்ற ஊர் இருக்கிறது. 1944 பிப்ரவரி 24-இல், வாஸ்கோ இறந்து பத்து வாரம் கழித்து, மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் அங்கே கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை திறந்துகொண்டிருந்தார். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குச் சில நொடியே இருப்பதை உணர்ந்த சுப்பிரமணியம் அதன்மேல் பாய்ந்து விழுந்து, மற்றவர்களைக் காத்துத் தான் இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது.

அவர் தனியாள் அல்லர். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள்; சுமார் 87,000 பேர் இறந்தார்கள். இத்தாலியில் மட்டும் ஏறத்தாழ 50,000 இந்தியர் சண்டையிட்டு, 5,782 பேர் இறந்தார்கள். அங்கே வழங்கப்பட்ட 20 விக்டோரியா கிராஸ்களில் 6 இந்திய ராணுவத்தினருக்குப் போயின. இவ்வளவு பெரிய கூட்டம் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பலவும் இன்று எங்கே கிடைக்கின்றன? ராணுவத் தணிக்கையாளர்கள் தங்கள் மேலதிகாரிகளுக்காக வெட்டி எடுத்துத் தொகுத்த அறிக்கைகளில். சிப்பாய் விசுவாசமாக இருக்கிறானா என்று பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட துண்டுகள் அவை.

இரண்டு பேரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாஸ்கோவுக்கு ஒரு நாளிதழின் முழு முதல் பக்கம். அமெரிக்க இதழியல் வகுப்புகளில் இன்றும் பாடம். சுப்பிரமணியத்துக்கு அரசிதழில் சில வரிகள், ஒரு பதக்கம். இருவரின் துணிச்சலிலும் இழப்பிலும் குறைவு கூடுதல் கிடையாது. ஒருவரின் பக்கத்தில், அவர் உடல் மலையிலிருந்து இறங்கிய இரவில், பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ள ஒருவர் நின்றிருந்தார். வித்தியாசம் அவ்வளவே.

நிகர இருப்பு

இந்தப் பேரேட்டைக் கூட்டிப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் தீர்ப்பு இது: சிப்பாயை எழுதுவது இரக்கத்தின் வேலை என்பதைவிட நிர்வாகத்தின் வேலை. பெயர் தெரியாதவனுக்குச் சம்பளம் உயராது. முகம் தெரியாதவனின் மருத்துவமனைச் சாக்கடையை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். ரஸ்ஸலும் செனரியும் எழுதிய பிறகு ஒரு அரசு விழுந்து இறப்பு 42-இலிருந்து 2-க்கு இறங்கியது. பைல் எழுதிய பிறகு பூஜ்யம் பத்தானது. எழுதப்படாத இடங்களில் கணக்கு இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கிறது.

தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் இல்லாத வட்டம் இல்லை. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊரும் உண்டு. 1962, 1965, 1971 போர்களைப் பார்த்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் போய் உட்காருங்கள். எந்தப் போர், யார் வென்றது என்று கேட்க வேண்டாம். அது புத்தகத்தில் இருக்கிறது. எந்த ரெஜிமெண்ட், எத்தனை ரூபாய் சம்பளம், வீட்டுக்கு எவ்வளவு மணியார்டர் அனுப்பினார், குளிருக்கு என்ன கொடுத்தார்கள், பக்கத்துப் பதுங்கு குழியில் இருந்தவரின் பெயர் என்ன, அவர் எந்த ஊர் என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.